பண்ணையம் குரூப்: காங்கேயம் காடு தாங்குமா?

பிரபு: மாமா, காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவால ஒரு காடு, வெள்ளாமை நெலம், விலைக்கு வந்துருக்குதுங்க. 3 ஏக்கர். 950 அடி போர்வெல் ஒண்ணு, கூட்டுக் கிணத்துல நாலுல ஒரு பங்கு, ப்ரீ சர்வீஸ், அதாவது மோட்டாருக்கு இலவசக் கரண்டு இணைப்பு. கரண்டும் கடையும் ஒரு மாசம் நின்னாலும் நாலு பேரு அங்க ஓட்டிரோணும். அந்தத் தாலூக்கா அதுக்குத் தோதுப்படுமாங்க?

பெரிய மாமா: படும். போரை நம்பலீன்னா.

மோட்டார் மணி: மாமா சொல்றதுதான். 900 அடில இருந்து நொடிக்கு ஒரு லிட்டர் தூக்கறதுக்கே 7 எச்பி கிட்ட வேணும். த்ரீ பேஸ் இல்லாம அது ஓடாது. ஜெனரேட்டர்ல ஓட்டலாம்னா ஸ்டார்ட்டிங்குக்கே 15 கேவிஏக்கு மேல கேக்கும். டீசல் மணிக்கு ரெண்டு மூணு லிட்டர். பெட்ரோல் பங்க்கும் மூடியிருந்தா அதுவும் போச்சு. அதே ஒரு லிட்டரை 60 அடிக் கிணத்துல இருந்து தூக்க முக்கா எச்பி போதும். 1 எச்பி டிசி மோட்டார், 540 வாட்ஸ் பேனல் மூணு, பேட்டரியே வேண்டாம். வெயில் அடிச்சா தண்ணி.

பிரபு: கை பம்பு போட்டா?

மோட்டார் மணி: தண்ணி மட்டம் 150 அடிக்குள்ள நிக்கோணும். அதுக்குக் கீழ போயிட்டா அடிச்சு எடுக்க ஆள் தாங்காது. போர் எத்தனை அடின்னு கேக்காதீங்க, சித்திரைல தண்ணி எங்க நிக்குதுன்னு கேளுங்க.

பெரிய மாமா: மாப்ள, கிணத்தைக் கார்த்திகைல போய்ப் பாக்காத. அப்ப எல்லாக் கிணறும் மாப்பிள்ளை மாதிரிதான் நிக்கும். பங்குனி கடைசில இருந்து வைகாசிக்குள்ள போ. கயித்துல கல்லைக் கட்டி மட்டத்தை அள. மோட்டாரை ஓட்டி 4 அடி இறக்கி நிறுத்தச் சொல்லு. அன்னிக்கு மத்த பங்காளிக மோட்டாரும் ஓடக் கூடாது. அடுத்த நா அதே நேரத்துல எத்தனை அடி ஊறியிருக்குன்னு பாரு. 30க்கு 30 கிணறுன்னா ஒரு அடிக்கு 900 கன அடி, அதாவது 25,000 லிட்டர். உன்ற பங்கு 6,000 சொச்சம். ஊட்டுக்கும் ரெண்டு மாட்டுக்கும் 500 போதும். மிச்சத்துல சொட்டு நீர் போட்டு 30 செண்ட் காய்கறி எடுக்கலாம்.

பிரபு: அப்ப ஒரு அடி ஊறுனாலே போதுங்களா?

பெரிய மாமா: ஒரு நா ஊறுனா போதாது, வைகாசி முடியற வரைக்கும் ஊறோணும். பிஏபி, அதான் பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால், தண்ணி ஓடற மாசத்துல அளந்தீன்னா ஏமாந்துருவே. வாய்க்கால் கசிவுல கிணறு ஏறியிருக்கும். அது நாலு மண்டலமாப் பிரிச்சு மாத்தி மாத்தி விடறது, வெள்ளகோவில் பக்கம் கடைமடை வேற. இன்னொண்ணு, 2016ல வடகிழக்குப் பருவமழை நம்ம மாநிலத்துல 62% குறைஞ்சுது. அதுக்கடுத்த சித்திரைல அந்தக் கிணறு எங்க நின்னுதுன்னு பக்கத்துக் காட்டுக்காரரைக் கேளு. விக்கறவரைக் கேக்காத.

செந்தில்: இத்தனை ரோதனைக்குக் கோபி பக்கம் வாங்கிரலாமே. கொடிவேரிப் பாசனம், கிணறும் மேலயே இருக்குது.

பெரிய மாமா: தண்ணிக்கு அதை அடிச்சுக்க முடியாதப்பா. 3 ஏக்கர் வாங்கற காசுல அங்க ஒரு ஏக்கர் வந்தாப் பெருசு. அந்தியூர், சத்தி மலையடிவாரம் மலிவுதான், ஆனா யானையும் பன்னியும் வெள்ளாமையப் பங்கு கேக்கும். காங்கேயத்துலயும் நொய்யல் ஓரம், ஒரத்துப்பாளையம் பக்கம் வேண்டவே வேண்டாம். சாயத் தண்ணி எறங்குன மண்ணு.



செல்வி அக்கா: தண்ணில கரைஞ்ச உப்பை அளக்கற டிடிஎஸ் மீட்டர் கொண்டு போ பிரபு. 500க்குள்ள இருந்தா நல்ல தண்ணி, 2,000 தாண்டுனா குடிக்க ஆகாது. ஃப்ளோரைடு அந்த மீட்டர்ல தெரியாது. சுத்தமான பாட்டில்ல பிடிச்சுக் குடிநீர் வடிகால் வாரிய லேப்ல குடு, 1.5 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாது. எப்படியிருந்தாலும் குடிக்கறதுக்கு மழைத் தண்ணி பிடிச்சுரு. வருசத்துக்கு 600 மில்லி மீட்டர்னு வெச்சாலும் 1,000 சதுர அடி கூரைல 44,000 லிட்டர் கைக்கு வரும். முதல் மழைல 100 லிட்டரை வெளிய விட்டுரோணும், தூசியும் மயில் எச்சமும் அதுலதான். நாலு பேரு குடிக்க, சமைக்க நாளைக்கு 40 லிட்டர்னா 5,000 லிட்டர் டேங்க் நாலு மாசம் வரும். வெளிச்சம் பூந்தாப் பாசி பிடிக்கும். ப்ளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம், ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் குடிக்கோணும். திறந்து கிடந்த பழைய பவுடர்ல வீரியம் இருக்காது.

பிரபு: ஊட்டு மேல சோலார் போட்டு லைனோட சேத்துட்டா கரண்டு பிரச்சனை தீந்துருமுங்களா மணியண்ணா?

மோட்டார் மணி: அங்கதான் எல்லாரும் மாட்டிக்கறாங்க. லைன்ல சேத்த ஆன்கிரிட் இன்வெர்ட்டர், லைன் போனதும் தானா நின்னுரும். கம்பத்துல வேலை செய்யறவரைக் காப்பாத்த அப்படித்தான் பண்ணியிருக்குது. உச்சி வெயில்லயும் ஃபேன் ஓடாது. லைன் போனாலும் ஓடற ஹைபிரிடா, பேட்டரியோட கேளுங்க. 150 ஏஎச் ட்யூபுலர் பேட்டரி ரெண்டுல 3.6 யூனிட் இருக்கும், பாதிக்கு மேல இறக்குனா ஆயுசு போயிரும். ராத்திரிக்கு கரண்டு கம்மியா இழுக்கற பிஎல்டிசி ஃபேன் மூணு, நாலு லைட், போன் சார்ஜ், அவ்வளவுதான். ஆடிக் காத்துல மட்டை விழுந்து ஒத்த பேஸ் போகும், அப்ப மோட்டாரை நிறுத்தற ப்ரிவென்டர் இல்லீன்னா மோட்டார் அன்னிக்கே வெந்துரும்.

பெரியம்மா: தண்ணி, கரண்டு எல்லாஞ் செரி, சோத்துக்கு? நாலு பேருக்கு நாளைக்கு ஒண்ணரைக் கிலோ தானியம் கண்ணு, வருசத்துக்கு 550 கிலோ. மானாவாரிச் சோளம் ஏக்கருக்கு 400 வந்தா நல்ல வருசம். அதனால ஒண்ணரை ஏக்கர் சோளம், கம்பு, ஓரத்துல கொள்ளு. பணப்பயிர் நெனப்பை உட்ரு. காய வெச்ச சூட்டோட டிரம்முல கொட்டாத, உள்ள வேர்த்துப் பூசணம் புடிக்கும். பல்லுல கடிச்சா நறுக்குன்னு உடையோணும், நெழல்ல ஆற வெச்சு அப்பறம் கொட்டி இறுக்க மூடு. நொச்சித் தழையும் வசம்பும் போட்டு வெய்யி.

செந்தில்: கொரங்காடு, அதான் மேய்ச்சல் காடு, போட்டு மாடு கட்டலாமில்ல?

பெரிய மாமா: கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலும் மழை பொய்ச்சாலும் மாட்டைக் காப்பாத்தும். ஆனா மிச்சமிருக்கற ஏக்கர்ல ரெண்டு மாட்டை வருசம் பூரா ஓட்ட முடியாது. சோளத்தட்டைப் போர் போட்டு வெச்சுக்கோணும்.

செல்வி அக்கா: அந்தக் காட்டுல சுருட்டை விரியன் இருக்கும். கடிச்சா இறுக்கிக் கட்டாதீங்க, கீறாதீங்க, கைகால அசைக்காமக் கூட்டிட்டு வாங்க. விஷமுறிவு மருந்து எந்த ஆஸ்பத்திரில இருக்குது, வென்டிலேட்டர் இருக்கற ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிசம்னு பகல்லயும் ராத்திரிலயும் ஓட்டிப் பாத்துரு. அப்பாவோட இன்சுலின், ஃபிரிட்ஜ் நின்னா மூடுன டப்பால போட்டு மண் பானைக்குள்ள வெச்சு, பானையைச் சுத்தி ஈர மணல்.

பெரிய மாமா: தடம் கேட்டியா? காட்டுக்குப் போற இட்டேரித் தடத்துல கிளுவை வேலி ரெண்டு பக்கமும் நெருக்கியிருந்தா ஆம்புலன்சும் வராது, போர் வண்டியும் வராது. வாய்ப் பேச்சுல "தடம் உண்டு"ன்னாப் பத்தாது, பத்திரத்துல வண்டித்தடப் பாத்தியம் எழுதியிருக்கோணும். அதே மாதிரி "கிணற்றிலும் சர்வீஸிலும் 4ல் 1 பங்கு"ன்னு இருக்குதா, முறை எத்தனை நாளைக்கு ஒருக்கான்னு பாரு. பங்காளி நாலு பேர்ல ஒருத்தர் கிணத்துக்குள்ள பக்கவாட்டுல துளை போட்டு சைடு போர் இறக்கியிருந்தா நீ அளந்த கணக்கே மாறிப் போயிரும்.

பிரபு: பத்திரத்துல கிணறு மட்டும் எழுதியிருக்குதுங்க, சர்வீஸ் வேற ஒருத்தர் பேர்ல.

பெரிய மாமா: அப்ப அட்வான்ஸ் குடுக்காத. நகலை இங்க போடு, வில்லங்கம் 30 வருசத்துக்கு எடு.