புதுப்பிப்பு: சட்டப் படிப்புக்கு முன் எந்த இளங்கலைப் பாடம்?

அமெரிக்கச் சட்டக் கல்லூரியில் சேர அரசியல் அறிவியலைத்தான் முதன்மைப் பாடமாக எடுக்க வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன், பதிலளித்தவர்களுக்கு நன்றி. அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் குறிப்பிட்ட எந்தப் பாடத்தையும் பரிந்துரைப்பதில்லை என்பது உறுதியானதால், தத்துவத்திலேயே தொடர்கிறேன்.

சட்டக் கல்லூரிச் சேர்க்கைக்கான எல்சாட் (LSAT) நுழைவுத் தேர்வில் 2024 ஆகஸ்ட் முதல் தர்க்கப் புதிர்ப் பகுதி நீக்கப்பட்டு, மதிப்பெண்ணுக்குரிய மூன்று பகுதிகளில் இரண்டு வாதங்களை ஆராய்வதற்கும் ஒன்று வாசிப்புப் புரிதலுக்கும் ஒதுக்கப்பட்டுவிட்டதால், பழைய புதிர்ப் புத்தகங்களை வாங்கச் சொன்ன அறிவுரையை (புதிர்கள் எனக்குப் பிடிக்கும் என்றாலும்) ஒதுக்கிவிட்டேன். இப்போது ஒவ்வொரு வாதத்திலும் சொல்லாமல் விடப்பட்ட அனுமானத்தை ஒரே வரியில் எழுதிய பிறகே விடைத் தெரிவுகளைப் பார்க்கிறேன். ஏறத்தாழச் சரியாகத் தோன்றும் விடைகளில் மயங்குவது குறைந்திருக்கிறது. பரிந்துரைக் கடிதத்தை மனத்தில் வைத்து, பேராசிரியரே கட்டுரைகளைத் திருத்தித் தரும் சிறிய வகுப்பொன்றிலும் சேர்ந்திருக்கிறேன்.