புதுப்பிப்பு: அப்பாவின் நோய்க்குப் பெயர் தெரிந்துவிட்டது

அப்பா அடிக்கடி பின்பக்கமாக விழுகிறார், பார்கின்சன் நோய்க்கான மாத்திரை பலன் தரவில்லை என்று போன முறை எழுதியிருந்தேன். வேறொரு நரம்பியல் மருத்துவரிடமும் காட்டச் சொன்னவர்களுக்கு நன்றி. இது பார்கின்சன் இல்லையாம், பிஎஸ்பி. புரோகிரசிவ் சூப்பராநியூக்ளியர் பால்சி என்று 1964-லேயே விவரிக்கப்பட்ட அரிய நோய். மூளையில் டௌ என்ற புரதம் சேர்ந்து நரம்பணுக்கள் அழிகின்றன. உடலின் சமநிலையும், கண்ணை மேலும் கீழும் அசைக்கும் திறனும் குறைந்துகொண்டே போகும்.

அதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. தட்டைப் பார்க்காமல் சாப்பிடுகிறார், படியைப் பார்க்காமல் இறங்குகிறார் என்று எத்தனை முறை கடிந்திருக்கிறேன்! அவரால் பார்வையைத் தாழ்த்தவே முடியவில்லை. அன்றிரவு கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். வெகுநேரம் கழித்து, "உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார். பதில் தாமதமாவதும் நோயால்தான். காத்திருந்தால் வருகிறது.

குணமாக்கும் மருந்து இல்லை. தட்டை இப்போது உயரத்தில் வைக்கிறோம். தண்ணீர் புரையேறுவதால், சிகிச்சையாளர் சொன்னபடி கெட்டியாக்கித் தருகிறோம். அம்மாதான் சரியாகத் தூங்குவதில்லை. அதனால் இரவுகளை நானும் தம்பியும் பிரித்துக்கொண்டோம். அடுத்த வாரம் பிசியோதெரபி ஆரம்பம்.