ஹாரன் மேல, இண்டிகேட்டர் கீழ: இது யாருக்கு நல்லது?

வெட்டிரைடர்:
முக்கால்வாசி வண்டில இடது கைப்பிடில இண்டிகேட்டர் சுவிட்ச் மேல, ஹாரன் சுவிட்ச் கீழ. ஹோண்டா மட்டும் தலைகீழா மாத்திட்டாங்க, அவங்க ஹைனெஸ் சிபி350 பைக்ல கூட அப்படித்தான். வேற வண்டி ஓட்டிப் பழகினவன் அதுல ஏறி லெஃப்ட் திரும்ப இண்டிகேட்டர் போடப் போனா முன்னாடி போற பெரியவருக்கு பாம்னு ஹாரன் அடிக்குது, அவர் திரும்பி முறைக்கிறார். இது டிசைன் கோளாறு இல்லாம வேற என்ன?

சைடுஸ்டாண்ட்:
கோளாறெல்லாம் இல்ல. இண்டிகேட்டர் போட நேரம் இருக்கு, குறுக்க ஒருத்தன் வந்து விழும்போது ஹாரன் தேட நேரம் இருக்கா? நாலு நாள் ஓட்டுனா கை பழகிடும்.

வெட்டிரைடர்:
குறுக்க வந்தா பிரேக் புடிங்க சார் முதல்ல. காலைல ஒரு வண்டி சாயங்காலம் ஒரு வண்டின்னு எடுக்கறவன் கை எதுக்குன்னு பழகும்? பிஎம்டபிள்யூலயே ஒரு காலத்துல லெஃப்ட் இண்டிகேட்டர் இடது கைல, ரைட் வலது கைல, ஆஃப் பண்ண தனி பட்டன். கடைசில 2009 வாக்குல கே1300 பைக் வந்தப்போ அவங்களே ஊரோட ஒத்துப் போயிட்டாங்க.

சைடுஸ்டாண்ட்:
ஹார்லியோட டூரிங் (தொலைதூரப் பயண) வண்டில இன்னும் ரெண்டு கைலயும் தனித்தனியாதான் இருக்கு, யாரும் அழல.

பட்டறைக்காரன்:
நம்ம கடைக்கு வேர்க்க விறுவிறுக்க தள்ளிட்டு வர்ற வண்டில பாதிக்கு வியாதி கில் சுவிட்ச்தான் (வலது கைல இஞ்சினை நிறுத்தற சுவிட்ச்), அது ஆஃப்ல இருந்தா மீட்டர் லைட் எரியும் செல்ஃப் மட்டும் எடுக்காது. 2017 ஏப்ரல்ல இருந்து புது வண்டிக்கு ஹெட்லைட் எப்பவும் எரியணும்னு ஆனப்புறம் லைட் சுவிட்சே போச்சு. பழைய ஆளுங்க இருட்டுனதும் பழக்க தோஷத்துல வலது கட்டைவிரலால அங்க எதையாவது அமுக்கப் போய் கில் சுவிட்சை ஆஃப் பண்ணிடறாங்க.

ஸ்கூட்டரக்கா:
நீங்க சுவிட்சுக்கு சண்டை போடுங்க தம்பிகளா, ஆளை கீழ தள்றது லீவர். எங்க வீட்டுக்காரர் பைக் ஆளு, என் ஸ்கூட்டரை எடுத்தா ஸ்பீட்பிரேக்கர் வந்ததும் கிளட்ச் நினைப்புல இடது லீவரை முழுசா இழுப்பாரு, அது பிரேக், அதுவும் 2019க்கு அப்புறம் வந்த கம்பைண்டு பிரேக் வண்டில அந்த ஒரு லீவரே முன் வீலையும் சேர்த்துப் பிடிக்கும், பின்னாடி உக்காந்திருக்கற நான் அவர் முதுகுல போய் மோதுவேன். ஸ்கூட்டர் பழகினவங்க பைக் எடுத்தா இன்னும் மோசம். பிரேக்னு நினைச்சு கிளட்ச்சைப் பிடிச்சா வண்டி நிக்காது, இஞ்சின் இழுத்துப் பிடிக்கறதும் விட்டுப் போயி அது பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும், அந்த பயத்துல வலது கைல பிரேக்கை இழுக்கும்போது மணிக்கட்டு கீழ எறங்குச்சுன்னா ஆக்சிலேட்டரும் திறந்துக்கும்.

சைடுஸ்டாண்ட்:
அப்போ ஸ்கூட்டர்ல இடது பக்கம் பிரேக்கே வைக்கக்கூடாதா? சைக்கிள்ல இருந்து வர்றவங்களுக்கு ரெண்டு கைலயும் பிரேக்தானேக்கா பழக்கம்.

ஸ்கூட்டரக்கா:
வைக்கக்கூடாதுன்னு நான் எங்க சொன்னேன்? "நாலு நாள்ல கை பழகிடும்"னு நீங்க சொன்னீங்களே, எங்க வீட்டுக்காரர் வருஷக்கணக்கா ரெண்டும் ஓட்டறாரு. இன்னும் பழகல.

வெட்டிரைடர்:
அக்கா 🙏