புதுப்பிப்பு: ஸ்க்ராண்டனில் ஆல்கோ என்ஜின்களைப் படமெடுத்தல்

பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்க்ராண்டன் நகரிலிருந்து இயங்கும் டெலாவேர்-லாக்கவானா சரக்கு ரயில் பாதையில், ஆல்கோ என்ற பழைய அமெரிக்க நிறுவனம் தயாரித்த டீசல் என்ஜின்களைப் படமெடுக்கும்போது, புகையும் என்ஜினின் அடிப்பகுதியும் ஒருசேரத் தெளிவாகப் பதிய எங்கே நிற்க வேண்டும் என்று முன்பு கேட்டிருந்தேன். பொகோனோ மலை நோக்கிய ஏற்றத்தில், காலை வெயில் சாய்வாக விழும்போது நிற்குமாறு நண்பர்கள் கூறிய யோசனை நன்றாகவே பலித்தது.

ஓட்டுநர் விசையைக் கூட்டியதும் எரிபொருள் உடனே பாய்ந்துவிட, என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போசார்ஜர் வேகம் பிடித்துப் போதிய காற்றைத் தரும்வரை கரும்புகை எழுகிறது. ஆகவே ரயில் நகரத் தொடங்கும் அந்தச் சில விநாடிகளே படத்துக்கு உரியவை. சுமையோடு மெல்ல ஏறும் ரயிலுக்கு விநாடியில் 500இல் ஒரு பங்கு ஷட்டர் வேகம் தாராளமாகப் போதும். தாழ்ந்த வெயிலில் சக்கரங்களைத் தாங்கும் போகிச் சட்டத்தின் சுருள்வில்லும் அதில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கும்கூடத் துலங்கின. ரயில்வே நிலத்துக்குள் காலடி வைக்காமல், பொதுச்சாலைக் கடவைகளிலிருந்தே இவற்றை எடுக்க முடிகிறது.

1969இல் உற்பத்தியை நிறுத்திய ஆல்கோவின் என்ஜின்கள் இன்றும் மாவு ஆலைக்குக் கோதுமை இழுப்பது, அவற்றைப் பழுதுபார்க்கும் பணிமனைத் தொழிலாளர்களின் சாதனை என்பேன். நம் இந்திய ரயில்வேயின் டபிள்யூடிஎம்-2 டீசல் என்ஜினும் ஆல்கோ வடிவமைப்பே என்பதால், அந்த உறுமல் எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. பனிக்கால வெளிச்சத்தில் எடுத்தவர்கள் தங்கள் கேமரா அளவீடுகளைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.