சாய்தளம், கழிவறை, நம்பர் மெஷின்: கட்டும் முன்பே முதியவர்களை வைத்துச் சோதிப்பது எப்படி?

சுங்கைமகள்

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தை, தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர்களுக்கான பகல்நேர மையமாக மாற்றுகிறோம். ரத்த அழுத்தம் பார்ப்பது, பாரம் (படிவம்) நிரப்பித் தருவது, மதியம் வரை உட்கார்ந்து பேசுவது, இவ்வளவுதான் மையத்தின் வேலை. வரப்போகிறவர்கள் பெரும்பாலும் 60 முதல் 85 வயது. பால் மரம் வெட்டியவர்கள், செம்பனைக் குலை ஏற்றியவர்கள். பலர் தமிழ் வாசிப்பார்கள், சிலருக்கு எழுத்தே தெரியாது. மலாய் பேச வரும், வாசிக்க வராது.

குத்தகையாளர் அடுத்த மாதம் தொடங்குகிறார். வரைபடத்தில் மூன்று இடம் உறுத்துகிறது. அஞ்சடியிலிருந்து (கடைகளின் முன்னால் ஓடும் கூரையிட்ட நடைபாதை) கடைத்தரை 150 மிமீ உயரம். அதற்கு 900 மிமீ நீளச் சாய்தளம் வரைந்திருக்கிறார்கள். பின்கட்டில் 1500க்கு 1500 மிமீ கழிவறை, கதவு உள்பக்கம் திறக்கிறது. பதிவுக்கு, வரிசை எண் சீட்டுத் தரும் தொடுதிரை நம்பர் மெஷின் வாங்கப் போகிறார்கள்.

செயற்குழுவில், 'ஒரு பாரம் அடித்து எல்லாரிடமும் கருத்துக் கேட்டுவிடலாம்' என்கிறார்கள். வரைபடத்தைக் காட்டிக் கேட்டால் நம் ஆட்கள் 'நல்லா இருக்கு தாயி' என்றுதான் சொல்வார்கள். சிமெண்ட் போட்டபின் இடித்துக் கட்டப் பணம் கிடையாது. எத்தனை பேரை, எதை வைத்து, எப்படிச் சோதிப்பது?

அளவுகோல்

பாரம் வேண்டாம், சகோதரி. வரைபடத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்வது கட்டடத் தொழிலில் இருப்பவர்களுக்கே கடினம். 1500 மிமீ என்றால் எவ்வளவு என்பது அதற்குள் நின்று திரும்பும்போதுதான் புரியும். அதனால் கேட்காதீர்கள், அட்டையிலும் பலகையிலும் அதே அளவில் மாதிரி செய்து வைத்து, செய்யச் சொல்லிப் பாருங்கள்.

ஐஎஸ்ஓ 9241-11 என்ற தரநிலை பயன்பாட்டுத்திறனை வரையறுப்பதும் இந்த வழியில்தான். குறிப்பிட்ட ஆட்கள், குறிப்பிட்ட சூழலில், குறிப்பிட்ட காரியத்தைச் சரியாக முடிக்கிறார்களா, எவ்வளவு பாடுபட்டு முடிக்கிறார்கள், முடித்தபின் மனநிறைவு உண்டா? ஆள், சூழல், காரியம் மூன்றையும் முதலில் எழுதி வையுங்கள். 'கழிவறை எப்படி இருக்கிறது, பாருங்கள்' என்பது காரியம் ஆகாது. 'வாக்கரோடு உள்ளே போய், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, உட்கார்ந்து, தண்ணீர்க் குழாயை எடுத்து, எழுந்து வெளியே வாங்க' என்பதுதான் காரியம். நடுவில் எங்கே தடுமாறுகிறார் என்று அப்போதுதான் தெரியும்.

எத்தனை பேர்? ஐந்து பேர் போதும் என்று எல்லா இடத்திலும் வாசித்திருப்பீர்கள். பயன்பாட்டுத்திறன் ஆய்வாளர்கள் நீல்சனும் லாண்டவரும் 1993இல் வெளியிட்ட கணக்கு அது. ஒரு குறை ஒரு ஆளிடம் வெளிப்படும் வாய்ப்பு சராசரியாக 31 விழுக்காடு என்றால், ஐந்து பேரில் ஏறக்குறைய 85 விழுக்காட்டுக் குறைகள் தெரிந்துவிடும். ஆனால் இது மென்பொருளை வைத்துப் போட்ட கணக்கு. ஆட்கள் ஒரே மாதிரி இருந்தால்தான் பொருந்தும். பத்தில் ஒருவரை மட்டும் பாதிக்கும் குறை, ஐந்து பேரில் வெளிப்படும் வாய்ப்பு 41 விழுக்காடுதான். முதியோர் மையத்தில் அந்த ஒருவர்தான் விழுந்து இடுப்பு உடைபவர்.

ஆகவே ஆட்களைக் கலந்து ஐந்து பேர் எடுக்காதீர்கள். சக்கர நாற்காலியிலோ வாக்கரிலோ வருபவர், கைத்தடி இல்லாமல் நடந்தாலும் முழங்கால் வலி உள்ளவர், கண்பார்வை மங்கியவர், எழுத்து வாசிக்காதவர் என்று பிரித்து, ஒவ்வொரு வகையிலும் மூன்று பேராவது வேண்டும். தள்ளிக்கொண்டு வரும் மகளோ பேரனோ தனி வகை, அவர்களை மறந்துவிடாதீர்கள். ஒரே நாளில் எல்லாரையும் முடித்துவிடவும் கூடாது. மூன்று பேரைப் பார்த்துவிட்டு, எல்லாரும் ஒரே இடத்தில் முட்டினால் அட்டையை அங்கேயே வெட்டி ஒட்டி மாற்றி, அடுத்த மூன்று பேருக்கு மாற்றியதைக் கொடுங்கள்.

நடத்த இரண்டு பேர் போதும். ஒருவர் பேசுவார், மற்றவர் எழுதுவார். எழுதுபவர் 'சிரமப்பட்டார்' என்று எழுதினால் அந்தக் குறிப்பு எதற்கும் உதவாது. 'இடது கை கதவுச் சட்டத்தைப் பிடித்தது, வலது கால் இரண்டு முறை பின்வாங்கியது' என்று எழுத வேண்டும். திரையில் செய்யும் காரியத்துக்கு, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லலாம். சாய்தளத்திலும் கழிவறையிலும் அப்படிக் கேட்கவே கூடாது. பேச்சில் கவனம் போனால் கால் இடறும். முடித்து உட்கார்ந்தபின் கேளுங்கள்.

கோடும்கல்லும்

கட்டடப் பகுதியை மட்டும் சொல்கிறேன்.

150 மிமீ உயரத்துக்கு 900 மிமீ நீளம் என்றால் 1:6 சரிவு. வழக்கமாக எடுப்பது 1:12. மலேசியத் தரநிலை எம்எஸ் 1184ஐ உங்கள் வரைபடக்காரரிடமே கேட்டு ஒப்பிடுங்கள். 1:12 என்றால் 1800 மிமீ நீளம், மேலே சக்கர நாற்காலி நின்று திரும்ப 1500 மிமீ சமதளம். அஞ்சடி பொதுவழி, அங்கே நீட்ட முடியாது. ஆகவே சாய்தளம் கடைக்குள்தான் இறங்க வேண்டும்: முன்பகுதித் தரையை உடைத்துத் தாழ்த்தி, உள்நோக்கி ஏற்றுவது. இதைச் சோதனைக்கு முன்பே குத்தகையாளரிடம் பேசிவிடுங்கள், விலை மாறும்.

சாலையிலிருந்து அஞ்சடிக்கு எவ்வளவு உயரம் என்று நீங்கள் சொல்லவில்லை. அது 300 மிமீ இருந்தால் 3.6 மீட்டர் சாய்தளம் வேண்டும். நடுவில் சாக்கடை, அதற்கு அப்பால் கார் நிறுத்துமிடம், நகராண்மைக் கழக அனுமதி என்று வேலை நீளும். கடை வரிசையின் கோடியில் அஞ்சடி தரையோடு சேரும் இடம் உண்டா பாருங்கள். இருந்தால் காரிலிருந்து இறங்குவது அங்கேதான் நடக்கும். சோதனையை உங்கள் வாசலில் தொடங்காமல் கார்க் கதவிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு கடையின் முன்னும் அஞ்சடித் தரை மட்டம் மாறுவதையும், சாக்கடை மூடியின் கம்பி இடைவெளியில் கைத்தடி நுனி இறங்குவதையும் அப்போதுதான் பார்ப்பீர்கள்.

சாய்தளத்துக்கு 8 அடிக்கு 4 அடி பிளைவுட், 18 மிமீ கனம். 1800 மிமீ நீளத்துக்கு அறுத்து, அடியில் 600 மிமீக்கு ஒரு கட்டை கொடுங்கள். இல்லாவிட்டால் நடுவில் வளையும், வளைந்த பலகையில் கிடைக்கும் முடிவு செல்லாது. முதலில் வெறும் சக்கர நாற்காலி, அடுத்து குழுவில் உள்ள திடமான ஒருவர், அதன்பின்தான் முதியவர். பின்னால் ஒரு ஆள் கட்டாயம். 1:6 சரிவில் முதியவரை ஏற்றவே வேண்டாம். குழுவினர் நம்பவில்லை என்றால் அவர்களையே அதில் நாற்காலியைத் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். ஏறுவதை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள், இறங்குவதில்தான் ஆபத்து அதிகம். கைப்பிடி இரண்டு பக்கமும் வேண்டும், 40 முதல் 50 மிமீ விட்டம், 850 முதல் 950 மிமீ உயரம்.

இரும்பு ஷட்டரின் தடம் தரையில் எங்கே வருகிறது என்று பாருங்கள். சக்கர நாற்காலியின் முன்சக்கரம் சிறியது. 20 மிமீ இடைவெளி போதும், அதில் இறங்கித் திரும்பி நின்றுவிடும். சாய்தளத்தின் அடியில் அந்தத் தடம் வந்தால் இறங்கி வரும் வேகத்தில் ஆள் முன்னால் விழுவார்.

வரைபடத்தில் எவரும் காட்டாத இன்னொன்று செருப்பு. நம் பெரியவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வரமாட்டார்கள். பத்துப் பேர் வந்தால் சாய்தளத்தின் அடியில் இருபது செருப்பு கிடக்கும், நாற்காலி எங்கே ஏறும்? உட்கார்ந்து கழற்ற ஒரு பெஞ்சு, கீழே தட்டு, இரண்டையும் சோதனையிலேயே வைத்துப் பாருங்கள். வெறுங்காலோடு வருவதால் மாலை மழையில் தரை ஓடு வழுக்குவதும் முக்கியம். ஓடு வாங்கும் முன் கடைக்காரரிடம் இரண்டு வகை மாதிரி கேட்டு, தண்ணீர் ஊற்றி ஈரக் காலால் தேய்த்துப் பாருங்கள்.

கழிவறைக்கு மின்சாமான் கடையில் குளிர்சாதனப் பெட்டியின் அட்டை கேளுங்கள், சும்மாவே கொடுப்பார்கள். தரையில் டேப் மட்டும் ஒட்டினால் போதாது. முழங்கை எல்லைக் கோட்டைத் தாண்டிப் போகும், ஆனால் யாருக்கும் தெரியாது. இடுப்புக்கு மேல் வரை அட்டைச் சுவர் நிற்க வேண்டும். பின்னால் கனமான மேசை கொடுங்கள், ஏனென்றால் எழும்போது நிச்சயம் சுவரைப் பிடிப்பார்கள், அட்டை தாங்காது. உட்காரும் இடத்தில் 450 மிமீ உயரமுள்ள திடமான மரநாற்காலி. பிளாஸ்டிக் நாற்காலி நழுவும்.

கை தொட்ட ஒவ்வொரு இடத்திலும் வட்ட ஸ்டிக்கர் ஒன்று ஒட்டுங்கள், ஆளுக்கு ஒரு நிறம். நாலைந்து பேர் முடித்ததும் ஸ்டிக்கர்கள் ஓரிடத்தில் குவிந்திருக்கும். தரநிலை சொல்லும் எல்லைக்குள், கைப்பிடிக் கம்பி அந்த இடத்துக்குத்தான் போக வேண்டும். எந்தப் பக்கம், எவ்வளவு முன்னால் என்று சண்டை போடும் தேவை இருக்காது.

கதவு விஷயத்தில் சோதனையே வேண்டாம். வெளிப்பக்கம் திறக்கும்படியோ நகரும்படியோ மாற்றுங்கள். உள்ளே ஒருவர் மயங்கிக் கதவில் சாய்ந்து விழுந்தால் உள்பக்கம் திறக்கும் கதவை யாராலும் தள்ள முடியாது. 1500க்கு 1500 என்பது நாற்காலி திரும்பும் வட்டம் மட்டுமே. அதற்குள் கழிவறைத் தொட்டியும் கைகழுவும் தொட்டியும் வந்துவிட்டால் வட்டம் எங்கே?

விரல்நுனி

நம்பர் மெஷின் பற்றி. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பேர் வரும் இடத்துக்கு மெஷினே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. எண் எழுதிய பிளாஸ்டிக் வில்லையும், பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு ஆளும் போதும். அந்தப் பணத்தைக் கழிவறைக்குக் கொடுங்கள்.

வாங்கியே தீருவது என்றால் முன்பணம் கொடுக்காதீர்கள், ஒரு காலைப்பொழுதுக்கு மெஷினைக் கொண்டுவந்து வைக்கச் சொல்லுங்கள். இப்போது வரும் தொடுதிரைகள் பெரும்பாலும் தோலின் மின்னேற்றத்தை உணர்பவை. பல வருடம் கத்தி பிடித்துக் காய்ப்பு ஏறிய, உலர்ந்த விரலை அவை சில நேரம் உணராது. உணராதபோது அந்த அம்மா இன்னும் அழுத்தி, நீண்ட நேரம் வைத்திருப்பார். மெஷின் அதை வேறு கட்டளையாக எடுத்துக்கொள்ளும், அல்லது இரண்டு சீட்டு தள்ளும். இதை அலுவலக இளைஞரின் விரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

மெஷின் வரும் முன்பே காகிதத்தில் சோதிக்கலாம். திரையின் அதே அளவில் ஒவ்வொரு பக்கத்தையும் வரைந்து, அது நிற்கப்போகும் உயரத்திலேயே சுவரில் ஒட்டுங்கள். சக்கர நாற்காலியிலிருந்தும் எட்ட, பொத்தான்கள் தரையிலிருந்து 800 முதல் 1100 மிமீக்குள் வரட்டும். அவர் காகிதத்தைத் தொட்டதும் பக்கத்தில் நிற்பவர் அடுத்த தாளை மாற்றுவார். கைபேசித் திரைக்குச் சொல்லும் 9 மிமீ பொத்தான் இங்கே உதவாது. 20 மிமீயில் தொடங்கி, பொத்தான்களுக்கு நடுவே நல்ல இடைவெளி விடுங்கள்.

தமிழ் எழுத்து சரியாக வருகிறதா என்று விற்பவரின் மாதிரிப் படத்தில் பார்க்காமல் மெஷினிலேயே பாருங்கள். பழைய மென்பொருளில் கொம்பும் காலும் பிரிந்து தனித்தனியாக நிற்கும், 'கொ' எழுத்தைத் தட்டிச் சோதித்தால் உடனே தெரிந்துவிடும். எழுத்து வாசிக்காதவருக்குப் படம் போடுகிறீர்கள் என்றால், 'இது எதுக்குன்னு நினைக்கிறீங்க?' என்று மட்டும் கேளுங்கள். ரத்த அழுத்தக் கருவியின் படத்தை எல்லாரும் அடையாளம் காண்பார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். வாசலைப் பார்த்து மெஷினை வைத்தால் வெயில் கண்ணாடியில் அடித்துத் திரையே தெரியாது, அதனால் காலை பத்து மணி வெளிச்சத்தில் ஒரு தடவை பாருங்கள்.

சுங்கைமகள்

மூவருக்கும் மிக்க நன்றி. கதவை மாற்றச் சொல்லி இன்றே குத்தகையாளரிடம் பேசிவிட்டேன். இரண்டு சந்தேகம். சோதனையிலும் மரியாதைக்காக 'கஷ்டம் ஒண்ணும் இல்லை' என்பார்களே, அதை எப்படி எடுத்துக்கொள்வது? குழுவினர் ஒரு மதிப்பெண் கேட்கிறார்கள். பயன்படுத்த எளிதா என்று அளக்கும் எஸ்யூஎஸ் என்ற பத்துக் கேள்வித் தாளைத் தமிழில் கொடுக்கலாமா?

அளவுகோல்

முதல் சந்தேகத்துக்கு: சொன்னதை விட்டுவிட்டு, செய்ததை எழுதுங்கள். கை சுவரைத் தேடியது என்றால் வாய் என்ன சொன்னாலும் அது குறைதான். ஆனால் மரியாதைப் பேச்சைக் குறைக்க வழி உண்டு. குழுத் தலைவரோ கோயில் தலைவரோ அறையில் இருக்கக் கூடாது. வரைபடம் போட்டவரும் கூடாது. தொடங்கும்போது, 'உங்களைச் சோதிக்கலைங்கம்மா, இந்த அட்டையைத்தான் சோதிக்கிறோம். எங்கே தப்பா இருக்குன்னு நீங்க காட்டினாத்தான் நாங்க மாத்த முடியும்' என்று சொல்லுங்கள். அதையே ஒவ்வொருவருக்கும் மாற்றாமல் சொல்லுங்கள். மகனோ மருமகளோ குறுக்கே பதில் சொன்னால் அவருக்குத் தனிக் காரியம் கொடுத்து வெளியே காருக்கு அனுப்புங்கள். முடிவில் 'பிடிச்சிருந்ததா?' என்று கேட்காமல், 'உங்க வயசுக்காரங்க வேற யாராவது இங்கே வந்தா எங்கே சிரமப்படுவாங்க?' என்று கேளுங்கள். தன் சிரமத்தைச் சொல்லக் கூச்சப்படுபவர் அடுத்தவர் சிரமத்தைத் தாராளமாகச் சொல்வார்.

எஸ்யூஎஸ் உங்களுக்கு வேண்டாம். 1986இல் ஜான் புரூக் கணினி அமைப்புகளுக்காக உருவாக்கியது அது. ஒற்றைப்படைக் கேள்விகள் பாராட்டும், இரட்டைப்படைக் கேள்விகள் குறை சொல்லும். ஐந்து படி விடையை மாற்றிக் கூட்டி 2.5ஆல் பெருக்க வேண்டும், நூற்றுக்கு 68 சராசரி. அந்த மாறி மாறி வரும் கேள்விகளை வாயால் கேட்கும்போது பெரியவர்கள் எல்லாவற்றுக்கும் 'ஆமா' சொல்வார்கள், மதிப்பெண் நடுவில் வந்து நிற்கும், எதையும் காட்டாது. குழுவுக்கு இதைக் கொடுங்கள்: காரியம் வாரியாக, உதவியில்லாமல் முடித்தவர், உதவியோடு முடித்தவர், முடிக்காதவர் எத்தனை பேர். அதன் பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்டிய அட்டையின் படம். முகம் வேண்டாம், கையும் காலும் தெரிந்தால் போதும்; அதற்கும் முன்கூட்டியே சம்மதம் கேளுங்கள், ஐசி (அடையாள அட்டை) எண் எதையும் எழுதி வைக்காதீர்கள்.

திறந்தபின் மூன்றாவது மாதத்தில் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். சுவரில் யாராவது கையால் எழுதி ஒட்டிய தாள், கைப்பிடிக்குப் பதிலாகக் கட்டிய கயிறு, கதவு மூடாமல் இருக்கக் கொடுத்த செங்கல், இவை எங்கே இருக்கின்றனவோ அங்கே சோதனையில் தப்பிய குறை இருக்கிறது. தாளைக் கிழித்துவிடாதீர்கள். அதை ஒட்டியவர் யார், எதற்காக ஒட்டினார் என்று முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் பணத்தை அதற்கென்று இப்போதே ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள்.