லிஃப்டுக்குள் கண்ணாடி எதற்காக? உடைந்ததை மீண்டும் மாட்டச் சொல்வது சரிதானா?

கேள்வி (குன்னூர்)

அனைவருக்கும் வணக்கம். மலைச்சரிவில் கட்டிய நான்கு மாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். சென்ற மாதம் வீடு மாற்றிய ஒருவர் கட்டிலை ஏற்றும்போது அதன் சட்டம் இடித்து, லிஃப்டின் பின்சுவரில் இருந்த கண்ணாடி உடைந்துவிட்டது. தலை சீவிக்கொள்ள வீட்டிலேயே கண்ணாடி இருக்கும்போது இந்தச் செலவு எதற்கு என்று கேட்டு, குடியிருப்போர் சங்கத்தினர் அந்த இடத்தில் ஸ்டீல் தகடு பொருத்தத் தீர்மானித்திருக்கிறார்கள். என் மாமியார் சக்கர நாற்காலியில் இருப்பவர். மூடுபனி விலகியதும் தாமே உருட்டிக்கொண்டு கீழே போய் வெயிலில் உட்கார்வது அவர் வழக்கம். கண்ணாடி போன நாளிலிருந்து, "பின்னால் யார் நிற்கிறார்கள் என்றே தெரியவில்லையம்மா" என்று தனியே போக மறுக்கிறார். உண்மையில் இது பாதுகாப்புக்காக வைக்கப்படுவதுதானா? கூட்டத்தில் எடுத்துச் சொல்ல விவரம் தேவைப்படுகிறது.

பதில் (லிஃப்ட் பராமரிப்புப் பணியில் இருப்பவர், உதகை)

பாதுகாப்புக்காகத்தான் அம்மா. உங்கள் மாமியார் சொன்னதே அதற்குச் சரியான காரணம். சக்கர நாற்காலியை ஒரே இடத்தில் முழுமையாகத் திருப்புவதற்கு ஏறத்தாழ 1,500 மி.மீ. விட்டமுள்ள இடம் வேண்டும். குடியிருப்புகளில் பரவலாகப் பொருத்தப்படும் லிஃப்ட் கூண்டின் (ஆள் நிற்கும் பெட்டியின்) அகலம் 1,100 மி.மீ., ஆழம் 1,400 மி.மீ. அளவில்தான் இருக்கும். ஆகவே முன்புறமாக நுழைந்தவர் பின்புறமாகத்தான் வெளியேற வேண்டும். அப்போது கதவு முழுமையாகத் திறந்திருக்கிறதா, வாசலில் குழந்தை நிற்கிறதா, கூண்டின் தளமும் மாடியின் தளமும் மட்டமாக நின்றிருக்கின்றனவா என்பதையெல்லாம் அவர் கழுத்தைத் திருப்பாமலே பார்ப்பதற்கு எதிர்ச்சுவர்க் கண்ணாடி ஒன்றுதான் துணை. நாற்காலியைத் திருப்ப இடமில்லாத கூண்டுகளில், பின்னால் இருப்பதைக் காட்ட ஏதேனும் ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும் என்று ஐரோப்பியத் தரவிதியான ஈஎன் 81-70 கூறுகிறது.

உயரத்தைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து சுமார் 1,100 மி.மீ. உயரத்தில் இருக்கும். கைப்பிடிக் கம்பிக்கு மேலே மட்டும் கண்ணாடி மாட்டினால், வெளியே நிற்பவர்களின் முகம் தெரியுமே தவிர வாசற்படி தெரியாது. அதற்காகத் தரைவரை இறக்கிவிடவும் கூடாது. பார்வை மங்கியவர்களுக்கு அந்தச் சுவர் திறந்த வழியைப் போலத் தோன்றும் என்பதால், தரைக்கும் கண்ணாடியின் கீழ் விளிம்புக்கும் இடையே குறைந்தது 300 மி.மீ. விடுவது போன்ற ஏற்பாடு வேண்டும் என்று அதே விதி சொல்கிறது.

அடுத்தது கண்ணாடியின் வகை. சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தி போன்ற சில்லுகளாகச் சிதறும். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் படலம் ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி விரிசல் விட்டாலும் பெரும்பாலும் படலத்தோடு ஒட்டி நிற்கும். ஒரு மீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் உயரமும் கொண்ட 8 மி.மீ. கண்ணாடி ஏறத்தாழ 30 கிலோ இருக்கும். கூண்டின் எடையைக் கணக்கிட்டுத்தான் கயிற்றின் மறுமுனையில் அதைச் சமன்செய்யும் எதிர் எடையை வைத்திருப்பார்கள் என்பதால், பராமரிப்பு நிறுவனத்தைக் கேட்காமல் கண்ணாடிக் கடைக்காரரை நேராக அழைத்து ஒட்டிவிடாதீர்கள்.

பதில் (கொடைக்கானல்)

நான் பதினோரு ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். எங்கள் விடுதி லிஃப்டுக்கு எதிரெதிராக இரண்டு கதவுகள். மேல் ரோட்டுப் பக்கம் நுழைந்து கீழ்ப்பக்கம் நேராக வெளியேறிவிடலாம், அப்போது கண்ணாடியே வேண்டியதில்லை. ஆனால் நுழைந்த பக்கமே இறங்க வேண்டிய மாடிகளில் சிரமந்தான், பின்சுவர் இருக்க வேண்டிய இடத்தில் கதவு இருப்பதால் கண்ணாடி மாட்ட வழியில்லை. அதற்காகக் கூரை மூலைகளில் சிறிய குவி ஆடிகளை வைத்தோம், மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் பார்ப்பீர்களே, அதே வகை. ஆள் நிற்பது நன்றாகத் தெரியும். ஆனால் உருவம் சிறுத்துத் தெரிவதால் பக்கத்தில் இருப்பவரும் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். முதல் வாரத்திலேயே ஒரு பெரியவரின் காலில் சக்கரத்தை ஏற்றிவிட்டேன். அதனால் உங்கள் மாமியாருக்குச் சமதளக் கண்ணாடியையே கேளுங்கள்.

பதில் (கோத்தகிரி)

நம் ஊர் ஈரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் கட்டடத்தில் மாட்டிய கண்ணாடிக்கு இரண்டே மழைக்காலத்தில் ஓரங்களில் ரசம் போய், கீழ்ப்பகுதி முழுவதும் கறுத்துவிட்டது. நாற்காலியில் இருப்பவருக்குத் தேவைப்படுவதே அந்தக் கீழ்ப்பகுதிதான்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா, சங்கத்தினர் ஸ்டீல் தகட்டை விட்டுக்கொடுப்பார்கள் என்று தோன்றவில்லை. அப்படியானால் வேறு வழி உண்டா?

பதில் (லிஃப்ட் பராமரிப்புப் பணியில் இருப்பவர், உதகை)

உண்டு அம்மா. ஸ்டீலே போடட்டும். ஆனால் கோடு கோடாக இழைத்த தகடு வேண்டாம், முகம் தெரியும் அளவுக்குப் பாலிஷ் செய்த மிரர் ஃபினிஷ் தகடு வேண்டும் என்று தீர்மானத்திலேயே எழுதச் சொல்லுங்கள். உருவம் கொஞ்சம் அலையாடினாலும் வாசலில் இருப்பது தெரியும், கட்டில் இடித்தாலும் நொறுங்காது, ரசம் போகும் கவலையும் இல்லை. மணலும் நாரும் போட்டுத் துடைத்தால் மட்டும் கீறி மங்கிவிடும் என்பதைத் துப்புரவுப் பணியாளரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பொருத்துவதற்கு முன் தகட்டைச் சுவரில் சாய்த்துவைத்து, மாமியாரை நாற்காலியோடு உள்ளே உட்காரவைத்து, வாசற்படி அவர் கண்ணுக்குத் தெரியும் உயரத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.