2025 ஜேர்மன் தேர்தலுக்கு முன் கட்சி மாறியவர்கள்: நாங்கள் பழகிய மனிதர்கள்

கெல்சன்கிர்ஷனில் இருந்து எழுதுகிறேன்

வாழ்க்கையில் பெரும்பகுதி ஒரே கட்சிக்கு வாக்குப் போட்ட ஒரு மனிதர், 2025 பெப்ரவரித் தேர்தலுக்கு முந்தின குளிர்காலத்தில் கட்சி விட்டுக் கட்சி மனம் மாறினதை நான் கிட்ட இருந்து பார்த்தேன். உங்களுக்கும் இப்படி ஆட்களோடு பழகின அனுபவம் இருந்தால் கீழே எழுதுங்கள். அடையாளம் தெரியாமல் இருக்கச் சின்னச் சின்ன விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன்.

எனக்கு வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கிற வேலை. காலமை இறுக்கக் காலுறை போட்டுவிடுவது, இன்சுலின் ஊசி, மருந்துப் பெட்டி நிரப்புவது. ஒரு வீட்டில் நிற்க எங்களுக்குத் தருகிற நேரம் கொஞ்சம்தான், ஆனால் தினமும் போகிற வீட்டில் கதை தானாக வளர்ந்துவிடும். அவருக்கு எண்பது வயது. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து நுரையீரலில் தூசி பிடித்தவர். 1965-இல் முதல் வாக்கு. அப்போது 21 வயது ஆனால்தான் வாக்குரிமை. வில்லி பிராண்டுக்காக எஸ்பிடிக்கு, அதாவது சமூக ஜனநாயகக் கட்சிக்கு, போட்டாராம். எங்கள் ஊர் இருக்கிற ரூர் சுரங்கப் பகுதியின் வானம் மறுபடி நீலமாக வேண்டும் என்று பிராண்ட் 1961-இல் சொன்னதை, தன் தாய் கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணி கரி படிந்து சாம்பல் நிறமாகிற கதையோடு சேர்த்துத்தான் சொல்வார்.

முதல் முறிவு எஸ்பிடியின் சுரோடர் சான்சலராக இருந்த காலத்தில். 2003-இல் அறிவித்த 'அகெண்டா 2010' சீர்திருத்தம், அதன் பின்னால் 2005-இல் வந்த 'ஹார்ட்ஸ் 4' என்ற வேலையில்லாதோர் உதவிப்பணச் சட்டம். அவருடைய மகன் வருடக்கணக்காக உழைத்துப்போட்டு வேலை இழந்தவர். ஒரு வருடம் போனதும் உதவிப்பணம் அடிமட்டத்துக்கு இறங்கியது, வீட்டுச் சேமிப்பையும் தோண்டிக் கேட்டார்கள். இதைச் செய்தது எங்கட கட்சி என்பதுதான் அவருக்கு வலி. 2009-இல் வாக்களிக்கவே போகவில்லை. அந்த முறை எஸ்பிடி 23 சதவீதத்துக்கு விழுந்தது. 2021-இல் எஸ்பிடியின் சான்சலர் வேட்பாளர் ஷோல்ஸ் மணிக்கு 12 யூரோ குறைந்தபட்சக் கூலி என்று சொன்னதற்காகத் திரும்பிப் போனார். 2022 ஒக்ரோபரில் அதைச் செய்தும் காட்டினார்கள். அதை அவர் ஒருபோதும் மறுத்ததில்லை.

2024 நவம்பர் 6. காலையில் அமெரிக்காவில் ட்ரம்ப் வென்ற செய்தி, இரவு சான்சலர் ஷோல்ஸ் தன் நிதியமைச்சர் லிண்ட்னரை வெளியேற்றிய செய்தி. எஸ்பிடி, பசுமைக் கட்சி, லிண்ட்னரின் எஃப்டிபி என்ற மூன்று கட்சிக் கூட்டணி ஆட்சி உடைந்தது. "மூன்று பேர் இருந்து ஒரு வரவுசெலவுத் திட்டம் போட ஏலாதா?" என்று அடுத்த நாள் கேட்டார். அன்றைக்கே எஸ்பிடி அவர் மனதில் முடிந்துவிட்டது.

டிசம்பர் 20-இல் மாக்டபூர்க் நத்தார் சந்தைக்குள் ஒருவன் காரை விட்டுச் சனங்களைக் கொன்றான். அதற்குப் பிறகு ஒரு காலை, நான் குனிந்து காலுறை போட்டுக்கொண்டிருக்கும்போது, "இந்த முறை ஏஎஃப்டிக்குப் போடப் போகிறேன்" என்றார். குடிவரவுக்கு எதிரான தீவிர வலதுசாரிக் கட்சி அது. என் கை நின்றுவிட்டது. "அவர்கள் வந்தால் என்னைப் போன்றவர்களுக்கு என்ன நடக்கும் என்று யோசித்தீர்களா?" என்று கேட்டேன். "உங்களை நான் சொல்லவில்லையே" என்றார். அந்த வசனம் இங்கே இருக்கிற எங்கள் எல்லாருக்கும் பழகினது. எனக்கு இருப்பது ஜேர்மன் குடியுரிமை. அது வீதியில் போகிறபோது என் முகத்தில் எழுதி இல்லை, என் பிள்ளையின் முகத்திலும் இல்லை. அதை அப்படியே சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டு வேறு ஆளை அனுப்பச் சொல்லவும் இல்லை. அடுத்த நாளும் கதவைத் திறந்தார். அதனால் நானும் தொடர்ந்து கதைத்தேன்.

அவரை ஏஎஃப்டியில் இருந்து திருப்பினது நான் இல்லை. ஜனவரி 22-இல் அஷாபன்பூர்க்கில் கத்திக்குத்து நடந்தது. ஒரு வாரம் கழித்து, 29-ஆம் திகதி, குடிவரவைக் கட்டுப்படுத்தச் சொல்லும், பழமைவாதக் கட்சியான சிடியுவின் தலைவர் மெர்ஸின் தீர்மானம் ஏஎஃப்டி வாக்குகளின் துணையோடு 348-க்கு 345 என்று நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அவர் முழுவதையும் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார். தீர்மானத்தில் இருந்த பலதோடு அவருக்கு உடன்பாடுதான், நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஏஎஃப்டிக்காரர் எழும்பிக் கைதட்டினதைப் பார்த்ததும் அவருக்குத் தாங்க முடியவில்லை. அவருடைய பாட்டனார் பழைய சமூக ஜனநாயகவாதி. 1933 மார்ச் 23-இல் ஹிட்லருக்கு முழு அதிகாரம் கொடுத்த சட்டத்தை எதிர்த்து வாக்களித்தது 94 எஸ்பிடி உறுப்பினர்கள் மட்டும்தான். அந்த எண்ணிக்கையை அவர் தன் வீட்டு இலக்கம் போல மனதில் வைத்திருந்தார். "94 பேரின் கட்சியில் இருந்து வந்தவன் நான்" என்றார். அதோடு ஏஎஃப்டிக் கதை நின்றுவிட்டது.

எஸ்பிடிக்குத் திரும்பினாரா என்றால், பாதிதான். தபால் வாக்குச் சீட்டு வந்து குசினி மேசையில் கிடந்தது. இங்கே ஒருவருக்கு இரண்டு வாக்கு: இடது பக்கம் கறுப்பு எழுத்தில் தொகுதி வேட்பாளருக்கு, வலது பக்கம் நீல எழுத்தில் கட்சிக்கு. நாடாளுமன்றத்தில் எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்பதை அந்த இரண்டாவது வாக்குத்தான் தீர்மானிக்கும். முதல் வாக்கை எஸ்பிடி வேட்பாளருக்குப் போட்டார். இரண்டாவதை, இடதுசாரிக் கட்சியில் இருந்து பிரிந்த வாகன்க்னெக்டின் பிஎஸ்டபிள்யூ கட்சிக்குப் போட்டதாகப் பிறகு அவரே சொன்னவர். பென்சன், உக்ரைனுக்கு ஆயுதம் கொடுக்கக்கூடாது என்பது, இரண்டும்தான் காரணம். போரில் தகப்பனை இழந்து வளர்ந்தவர் அவர். ஆயுத விசயத்தில் எனக்கு அவரோடு உடன்பாடில்லை. ஆனால் அவர் எங்கிருந்து பேசுகிறார் என்று விளங்கியது.

முடிவு உங்களுக்குத் தெரியும். பிஎஸ்டபிள்யூவுக்கு 4.98 சதவீதம். நாடாளுமன்றத்துக்குள் போகத் தேவையான 5 சதவீத வரம்பை ஏறத்தாழ 9,500 வாக்குகளால் தவறவிட்டது. கெல்சன்கிர்ஷனில் தொகுதியை எஸ்பிடி வென்றது. ஆனால் இரண்டாவது வாக்கில் ஏஎஃப்டி 24.7, எஸ்பிடி 24.1. எஸ்பிடியின் கோட்டை என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த ஊர் இது. "என் இரண்டாவது வாக்கு எங்கே போனது?" என்று அவர் கேட்டபோது, சட்டப்படி எங்கும் போகவில்லை, இடப் பங்கீட்டில் கணக்கில் எடுக்கப்படவில்லை என்று விளக்க வேண்டியிருந்தது. மிகவும் கோபப்பட்டார். கோபம் நியாயமானதுதான் என்று நினைக்கிறேன்.

இவரை நிலையில்லாதவர் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உழைத்துக் களைத்தவனுக்குக் கடைசிக் காலத்தில் என்ன வழி என்று 1965-இல் கேட்டதைத்தான் 2025-இலும் கேட்டார். ஒவ்வொரு கட்சியிடமும் அதே கேள்வியோடுதான் போனார்.

ஸ்டுட்கார்ட் பக்கத்தில் இருந்து

அக்கா, நீங்கள் எழுதினதற்கு நேர் எதிரான ஆள் ஒருவர் என் வேலைத்தலத்தில் இருக்கிறார். கார்ப் பாகம் செய்கிற தொழிற்சாலை, சிஎன்சி இயந்திரத்தில் எனக்குப் பக்கத்தில் நிற்பவர். தாய் தகப்பன் வழியில் சிடியு. 2011-இல் ஜப்பானில் ஃபுகுஷிமா அணு உலை விபத்து நடந்து இரண்டு கிழமையில் இங்கே மாநிலத் தேர்தல், அப்போதுதான் முதன்முதலாகப் பசுமைக் கட்சிக்குப் போட்டார். அந்தக் கட்சியின் க்ரெட்ஷ்மன் முதலமைச்சர் ஆனார். அதில் இருந்து 2021 வரை பசுமைதான்.

2023-இல், பசுமைக் கட்சி முன்னின்று கொண்டுவந்த வீட்டு வெப்பமூட்டல் சட்டம் வந்தது. இவருடைய வீட்டில் எண்ணெயில் ஓடுகிற பழைய கொதிகலன். நாளைக்கே கழற்ற வேண்டும் என்று நினைத்து நித்திரையில்லாமல் இருந்தார். ஓடுகிற கொதிகலனைக் கழற்றத் தேவையில்லை, கட்டாயம் முதலில் புதுக் குடியிருப்புகளுக்குத்தான், மாற்றினால் 70 சதவீதம் வரை மானியம் கிடைக்கலாம் என்றெல்லாம் நான் எடுத்துச் சொன்னேன். தலையாட்டினார். "முதல் வரைவு வெளியே வந்தபோது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை" என்றார். என்னைப் பொறுத்தவரை பசுமைக் கட்சி இழந்தது அந்த மாதங்களில்தான், 2025-இல் இல்லை.

சாப்பாட்டு இடைவேளையில் எல்லாரும் 'வால்-ஓ-மாட்' செய்து பார்த்தோம். 38 கூற்றுகளுக்கு ஓம், இல்லை, நடுநிலை என்று அழுத்தினால் எந்தக் கட்சி உங்களுக்குக் கிட்ட என்று காட்டும். இவருக்கு முதலிடத்தில் வந்தது பசுமைதான்! பார்த்துவிட்டுக் கைத்தொலைபேசியைப் பைக்குள் வைத்தார். சிடியுவுக்குத்தான் போட்டார். ஆட்குறைப்புக் கதை நடக்கிற இடத்தில் கருத்தை விட வேலைதான் முன்னுக்கு நிற்கிறது, அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெர்லின், நொய்கோல்னிலிருந்து

நான் கோயம்புத்தூர்க்காரன், ஐடி வேலை, வாக்குரிமை இல்லை. ஆனா தேர்தல் எங்க படிக்கட்டு வரைக்கும் வந்துச்சு.

எதிர்வீட்டு அம்மா மழலையர் பள்ளி ஆசிரியை. 2021-ல பசுமைக் கட்சிக்கு வாக்களிச்சவங்க. ஜனவரி 29 தீர்மானத்துக்கு அப்புறம் இடதுசாரிக் கட்சியின் ஹைடி ரைஹினெக் நாடாளுமன்றத்தில் மெர்ஸை நோக்கிப் பேசிய வீடியோவை எனக்குக் காட்டினாங்க. பசுமைக் கட்சி அந்தத் தீர்மானத்தை எதிர்த்துத்தான் வாக்களிச்சது, அப்புறம் எதுக்கு மாறணும்னு கேட்டேன். "தேர்தல் முடிஞ்சதும் இதே மெர்ஸோட ஆட்சியில் உட்காரத் தயாரா இருக்காங்களே" என்றார். அதே வாரம் இடதுசாரிக் கட்சிக்காரங்க கதவைத் தட்டினாங்க. முதல் கேள்வியே வாடகை எவ்வளவு, வெப்பமூட்டல் பில் எவ்வளவுன்னுதான். எனக்கு வாக்கு இல்லைன்னு சொன்ன பிறகும் நின்னு என் பில்லைப் பார்த்தாங்க. ஜெர்மனியில் இத்தனை நாள்ல ஒரு கட்சி என்கிட்ட என்ன பிரச்சனைன்னு கேட்டது அதுதான் முதல் தடவை.

ஜனவரித் தொடக்கத்தில் 5 சதவீதத்தைத் தொடாம இருந்த கட்சி 8.8 வாங்கிச்சு. பசுமையிலிருந்து மட்டும் ஏறத்தாழ 7 லட்சம் பேர் அங்கே போனதா கணிப்பு. நொய்கோல்ன் தொகுதியை ஃபெராட் கோச்சாக் ஜெயிச்சார். பழைய மேற்கு ஜெர்மனிப் பகுதியில் அந்தக் கட்சி நேரடியா ஜெயிச்ச முதல் தொகுதி. சாயங்காலம் அந்த அம்மா கேக்கோட வந்தாங்க. "நீங்க வாக்களிக்க முடிஞ்சிருந்தா யாருக்குப் போட்டிருப்பீங்க?" என்று கேட்டாங்க. ரொம்ப நேரம் பேசினோம். வரி கட்டுறேன், வாடகை கட்டுறேன், அந்தக் கேள்விக்கு ஒருநாள் சீட்டில் பதில் எழுதணும்னு ஆசை இருக்கு. 2024 ஜூன் 27-லிருந்து குடியுரிமைக்கு 5 வருஷம் போதும், இந்தியக் குடியுரிமையை விட வேண்டியதுதான். இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏத்துக்காது. வீட்டில் அப்பா அம்மாகிட்ட இதை இன்னும் பேசி முடிக்கல.

ஹம்மில் இருந்து

நான் இங்கே பிறந்து வளர்ந்தவள், தமிழ் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அன்று வாக்குச்சாவடியில் உதவியாளராக இருந்தேன். யார் யார் மாறினார்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் மாறினதைக் கையால் தொட்டேன்.

6 மணிக்குக் கதவை மூடி, பெட்டியை மேசையில் கவிழ்த்ததும் சீட்டுகளைப் பிரிப்போம். இரண்டு வாக்கும் ஒரே கட்சிக்குப் போனவை கட்சி வாரியாக ஒரு பக்கம். இரண்டும் வேறு வேறு கட்சிக்குப் போனவை தனிக் கட்டு. வெறுஞ்சீட்டு, சந்தேகச் சீட்டு இன்னொரு பக்கம். வேறு வேறு கட்சிக்குப் போட்ட கட்டு வளர்ந்துகொண்டே போனது. வேட்பாளருக்கு சிடியு, கட்சிக்கு எஃப்டிபி என்பது பழைய வழக்கம். இந்த முறை வேட்பாளருக்கு எஸ்பிடி, கட்சிக்கு இடதுசாரி. வேட்பாளருக்கு எஸ்பிடி, கட்சிக்கு ஏஎஃப்டி என்றெல்லாம் வந்தது. கடைசியாகச் சொன்னதை முதலில் கண்டபோது பிழையாகப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அடுத்தது வந்தது, அதற்கு அடுத்ததும் வந்தது. பக்கத்து வீட்டு வேட்பாளரை நம்புகிறார்கள், பெர்லினை நம்பவில்லை.

இன்னொன்று. வரிசையில் நின்ற பலருக்கு இது நெடுங்காலத்துக்குப் பிறகு போடுகிற வாக்கு. வாக்களித்தவர் வீதம் 82.5, ஜேர்மனி இணைந்த பிறகு இதுதான் ஆகக் கூட. ஏஎஃப்டிக்கு முன்பு வாக்களிக்காதவர்களிடம் இருந்து மட்டும் ஏறத்தாழ 18 லட்சம் பேர் வந்ததாகக் கணிப்பு. கட்சி மாறியவர்களைப் பற்றிக் கதைக்கும்போது வீட்டில் இருந்து எழும்பி வந்தவர்களை விட்டுவிடாதீர்கள். அவர்களோடு எங்களில் யார் கதைக்கிறோம்?

கெல்சன்கிர்ஷனில் இருந்து மறுபடி

தங்கச்சி, வேட்பாளருக்கு எஸ்பிடி, கட்சிக்கு ஏஎஃப்டி என்ற சீட்டுப் பற்றி நீங்கள் எழுதினதை வாசித்ததும் எனக்கு ஒன்று உறைத்தது. டிசம்பர் மாதத்தில் தேர்தல் வந்திருந்தால் என் முதியவரின் சீட்டும் அப்படித்தான் இருந்திருக்கும்.

பலர் தனிச்செய்தியில் கேட்டதால் அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்கிறேன். 2025 செப்ரெம்பரில் இங்கே நகரசபைத் தேர்தல். மேயர் பதவிக்கு 28-ஆம் திகதி இரண்டாம் சுற்று, எஸ்பிடிக்கும் ஏஎஃப்டிக்கும் இடையில். அவர் தபாலில் போடவில்லை. ஒக்சிசன் குழாயோடு பேரனின் காரில் சாவடிக்குப் போய் எஸ்பிடியின் அந்த்ரேயா ஹென்ஸவுக்குப் போட்டார். ஹென்ஸ ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு வென்றார். அடுத்த நாடாளுமன்றத் தேர்தலில் எஸ்பிடிக்கா என்று முதியவரிடம் கேட்டேன். முதலில் முதியோர் இல்லத்துக்கு மாதாமாதம் தன் கையில் இருந்து கட்ட வேண்டிய தொகையைக் குறைக்கட்டும், பிறகு பார்ப்போம் என்றார்.